அஞ்சலட்டையில் நிலநடுக்கத்தைத் தேடியவர்: பூமி அதிரும் இடத்தைக் கண்டுபிடிக்க வழிகாட்டிய ஜான் மில்ன் யார்?

எங்கோ நில அதிர்வு ஏற்படுகிறது. அடுத்த சில நிமிடங்களில் நம் செல்போனுக்குச் செய்தி வந்துவிடுகிறது. ரிக்டர் அளவு இவ்வளவு, மையம் இந்த ஊரில் இருந்து இத்தனை கி.மீ தொலைவில், ஆழம் 10 கி.மீ. படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அந்த 10 கி.மீ ஆழத்துக்குப் போய் யாரும் பார்க்கவில்லை. கடலுக்கு அடியில் நடந்திருந்தால் நேரில் பார்த்த சாட்சியும் கிடையாது. அப்புறம் எப்படி இடத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவழித்தவர் ஜான் மில்ன். பிரிட்டனில் பிறந்து, ஜப்பானில் நிலநடுக்கத்தைப் படித்து, உலகம் முழுக்க நில அதிர்வு நிலையங்களை அமைக்கக் காரணமாக இருந்தவர். அவரது வலைப்பின்னலில் நம் கொடைக்கானலும் இருந்தது.

சுரங்கப் பொறியாளர் ஜப்பான் போன கதை

மில்ன் 1850 டிசம்பர் 30 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். லண்டனில் உள்ள கிங்ஸ் கல்லூரியிலும் சுரங்கவியல் கல்லூரியிலும் படித்தார். படிப்பு முடிந்ததும் கனடா பக்கம் உள்ள நியூஃபவுண்ட்லாந்தில் கனிம வளங்களை ஆய்வு செய்யும் வேலை. கல், மண், சுரங்கம் என்றுதான் அவரது ஆரம்ப வாழ்க்கை போனது. நிலநடுக்கத்துக்கும் அவருக்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை.

1875-ல் டோக்கியோவின் இம்பீரியல் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. மேற்கத்திய தொழில்நுட்பத்தைக் கற்க ஜப்பான் வெளிநாட்டு ஆசிரியர்களைத் தேடித் தேடி அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. மற்றவர்கள் கப்பல் ஏறிப் போனார்கள். மில்னுக்கோ கடல் பயணம் என்றாலே ஒத்துக்கொள்ளாது. அதனால் ரஷ்யா, சைபீரியா, மங்கோலியா, சீனா வழியாகத் தரை மார்க்கமாகவே கிளம்பிவிட்டார். போய்ச் சேர ஏழு மாதங்கள் ஆனது. டோக்கியோவில் அவர் கழித்த முதல் இரவிலேயே நில அதிர்வை உணர்ந்ததாகச் சொல்லப்படுவது உண்டு.

1880 பிப்ரவரி 22 அன்று யோகோஹாமாவை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. அந்த அதிர்வுதான் மில்னின் பாதையை மாற்றியது. அதே ஆண்டிலேயே அவர் முன்னின்று ஜப்பான் நில அதிர்வியல் சங்கத்தைத் தொடங்கினார். நிலநடுக்கத்தை ஆராய்வதற்கென்றே தொடங்கப்பட்ட உலகின் முதல் சங்கம் இது.

அதுவரை மையத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மில்னுக்கு முன்பும் சிலர் முயற்சி செய்திருக்கிறார்கள். அவர்களில் முக்கியமானவர் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மாலெட். 1857-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதியில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது, இடிந்த ஊர்களுக்கு நேரில் போனார். சுவர்களில் விழுந்த விரிசல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, தூண்கள் எந்தத் திசையில் விழுந்து கிடக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். அந்தத் திசைகளை வரைபடத்தில் கோடுகளாக இழுத்து, அவை சந்திக்கும் இடத்தை மையம் என்று கணித்தார்.

நல்ல யோசனைதான். ஆனால் சுவர் எந்தப் பக்கம் விழும் என்பது அதைக் கட்டிய விதத்தையும் பொறுத்தது. இன்னொரு பெரிய குறை, எல்லாம் இடிந்து விழுந்த பிறகுதான் இந்தக் கணக்கைத் தொடங்கவே முடியும். கடலுக்கு அடியில் நடந்தால் இந்த முறை உதவவே உதவாது.

கை கொடுத்த அஞ்சலட்டைகள்

மில்ன் வேறு வழியில் யோசித்தார். டோக்கியோவில் அடிக்கடி அதிர்வுகள் வருகின்றன. அவை எந்தப் பக்கம் இருந்து வருகின்றன என்று முதலில் தெரிய வேண்டும்.

இதற்காக டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கட்டுக்கட்டாக அஞ்சலட்டைகளை அனுப்பினார். வாரம் ஒரு அட்டை. அந்த வாரத்தில் அதிர்வு வந்ததா, எப்போது வந்தது என்று எழுதித் தபாலில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. இப்போது நில அதிர்வு வந்தால் செயலியில் 'நான் உணர்ந்தேன்' என்று பதிவிடுகிறோம் இல்லையா? அதன் அஞ்சலட்டை காலத்து வடிவம்தான் இது.

குவிந்த அட்டைகளை வைத்து, எந்தெந்த ஊரில் உணரப்பட்டது என்று வரைபடத்தில் குறித்தார். பல ஆண்டுகள் இந்த வேலை தொடர்ந்தது. அரசின் உதவியுடன் தகவல் சேகரிப்பு நாடு முழுக்க விரிந்தது. 1885 முதல் 1892 வரை ஜப்பானில் பதிவான 8,331 நில அதிர்வுகளை அவர் பட்டியலிட்டார்.

பட்டியல் காட்டிய முடிவு பலரும் எதிர்பார்க்காதது. எரிமலைதான் நிலநடுக்கத்துக்குக் காரணம் என்ற நம்பிக்கை அப்போது வலுவாக இருந்தது. ஆனால், எரிமலைகள் நிறைந்த ஜப்பானின் நடுப்பகுதி மலைகளில் அதிர்வுகள் குறைவாக இருந்தன. பெரும்பாலானவை கிழக்குக் கடற்கரையை ஒட்டி வந்தன. அவற்றில் பலவும் கடலுக்கு அடியில் இருந்து கிளம்பியவை.

அசையாமல் நிற்கும் ஊசி

உணர்ந்தவர்கள் எழுதி அனுப்பும் தகவல் மட்டும் போதாது. ஒருவர் கடிகாரம் இன்னொருவர் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. எத்தனை நொடி ஆடியது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கருவி வேண்டும்.

ஆனால் தரையே ஆடும்போது, அந்தத் தரையில் வைத்த கருவியும் சேர்ந்துதானே ஆடும்? பிறகு எதை வைத்து அளப்பது?

இங்கேதான் ஊசல் உதவிக்கு வருகிறது. நின்றுகொண்டிருக்கும் பஸ் சட்டென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிறோம். பஸ் நகர்ந்துவிட்டது, நம் உடல் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அதேபோல, தொங்கவிட்ட கனமான எடை, தரை திடீரென நகர்ந்தாலும் சில நொடிகள் தன் இடத்தில் நிற்கவே முயலும். ஆடுகிற தரைக்கும் ஆடாத எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காகிதத்தில் பதிவு செய்தால், அதுதான் நிலநடுக்கமானி.

டோக்கியோவில் மில்ன், ஜேம்ஸ் யூயிங், தாமஸ் கிரே ஆகிய மூவரும் இந்தத் தத்துவத்தில் நவீன நிலநடுக்கமானிகளை உருவாக்கினார்கள். யாருடைய பங்கு எவ்வளவு என்பதில் அவர்களுக்குள் மனக்கசப்பும் இருந்தது. மில்ன் இன்னொரு வேலையும் செய்தார். நிலநடுக்கம் வரும்வரை காத்திருக்காமல், கனமான இரும்புக் குண்டை உயரத்தில் இருந்து போட்டும், டைனமைட் வைத்தும் செயற்கை அதிர்வுகளை உண்டாக்கினார். அதிர்வு மண்ணில் எப்படிப் பரவுகிறது என்று அளந்து பார்த்தார்.

1891: தரை பிளந்த நாள்

1891 அக்டோபர் 28 அன்று காலை, நடு ஜப்பானின் மினோ–ஒவாரி சமவெளியைப் பயங்கர நிலநடுக்கம் தாக்கியது. 7,273 பேர் உயிரிழந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிந்தன. மேற்கத்திய பாணியில் புதிதாகக் கட்டிய செங்கல் கட்டடங்களும், ரயில் பாலங்களும் சரிந்தன. மில்ன் அங்கு போனார். புகைப்படக் கலைஞரும் பொறியாளருமான வில்லியம் பர்ட்டனுடன் சேர்ந்து அந்தப் பேரழிவைப் படங்களோடு நூலாகப் பதிவு செய்தார்.

நேயோ பள்ளத்தாக்கில் பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தரை பிளந்து கிடந்தது. மிடோரி என்ற இடத்தில் ஒரு பக்கத் தரை மற்றொரு பக்கத்தைவிட சுமார் 6 மீட்டர் உயர்ந்து நின்றது. ஏறத்தாழ இரண்டு மாடி உயரம்.

இந்தப் பிளவு, நிலநடுக்கத்தால் உண்டான சேதம் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஜப்பானியப் புவியியலாளர் புஞ்சிரோ கோட்டோ வேறு கோணத்தில் பார்த்தார். நிலநடுக்கத்தால் தரை பிளக்கவில்லை, தரை பிளந்து நகர்ந்ததால்தான் நிலநடுக்கமே வந்தது என்றார்.

1906-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம் வந்தபோது ஹாரி ஃபீல்டிங் ரீட் இதை இன்னும் தெளிவாக விளக்கினார். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை இரண்டு கைகளாலும் வளைத்துப் பாருங்கள். ஒரு அளவு வரை வளையும். அதற்கு மேல் போனால் படாரென்று உடைந்து, உடைந்த துண்டுகள் நிமிர்ந்துவிடும். பாறைகளும் அப்படித்தான். பல பத்தாண்டுகள், சில சமயம் நூற்றாண்டுகள், மெல்ல மெல்ல வளைந்து அழுத்தத்தைச் சேர்த்து வைக்கின்றன. தாங்க முடியாத கட்டத்தில் பிளவு வழியே சட்டென்று வழுக்குகின்றன. அப்போது வெளியாகும் ஆற்றல்தான் அலைகளாகக் கிளம்பி நம் வீட்டை ஆட்டுகிறது.

பாறையில் அழுத்தத்தைச் சேர்ப்பது எது என்ற கேள்விக்கு 1960-களில்தான் பதில் உறுதியானது. பூமியின் மேலோடு பல தட்டுகளாக இருக்கிறது. அவை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. அவை உரசும், மோதும் எல்லைகளில்தான் பெரும்பாலான நிலநடுக்கங்கள் பிறக்கின்றன. இமயமலைப் பகுதி அடிக்கடி அதிர்வதும் இதனால்தான்.

டோக்கியோவில் ஆடியது, ஜெர்மனியில் தெரிந்தது

பெரிய நிலநடுக்கத்தை, சரியான கருவி இருந்தால் உலகின் எந்த இடத்தில் இருந்தும் பதிவு செய்ய முடியும் என்று மில்ன் 1883-லேயே எழுதியிருந்தார். 1889 ஏப்ரலில் அது நிரூபணமானது. ஜெர்மனியின் போட்ஸ்டாமில் எர்ன்ஸ்ட் ஃபான் ரெபூர்-பாஷ்விட்ஸ் என்ற இளம் விஞ்ஞானியின் கருவியில் காரணமே தெரியாமல் ஒரு அதிர்வு பதிவாகியிருந்தது. பிறகு பார்த்தால், அதே நாளில் ஜப்பானில் நிலநடுக்கம். அலைகள் பூமியைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தன.

உலகம் முழுக்க நிலையங்கள் வேண்டும் என்று வலியுறுத்திய ரெபூர்-பாஷ்விட்ஸ், 1895-ல் தன் 34-வது வயதில் காசநோயால் இறந்துபோனார்.

அதே 1895 பிப்ரவரியில் மில்னின் டோக்கியோ வீடு தீப்பிடித்தது. கருவிகள், நூல்கள், பல வருடக் குறிப்புகள் எல்லாம் சாம்பல். அந்த ஆண்டே ஜப்பானியரான மனைவி டோனே ஹொரிகாவாவுடன் இங்கிலாந்து திரும்பினார். டோனே, ஹகோடாடே நகரில் ஒரு புத்த மடத்துத் தலைவரின் மகள். உதவியாளர் ஷினோபு ஹிரோட்டாவும் உடன் வந்தார். இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில், ஷைட் என்ற சிற்றூரில் குடியேறினார்கள்.

20 ஆண்டு உழைப்பு எரிந்த பிறகு 44 வயதில் ஓய்வெடுக்கப் போயிருக்கலாம். மில்ன் புதிய வேலையைத் தொடங்கினார்.

ஒரு கருவி போதாது, ஏன்?

மில்னின் வீட்டில் நல்ல நிலநடுக்கமானி இருந்தது. ஆனால் ஒற்றைக் கருவியால் மையத்தைச் சுட்டிக்காட்டிவிட முடியாது. ஏன் என்று பார்க்கலாம்.

நிலநடுக்கத்தின்போது பல வகை அலைகள் கிளம்புகின்றன. முதலில் வருவது பி அலை, அதாவது முதன்மை அலை. மேலோட்டுப் பாறையில் நொடிக்குச் சுமார் 6 கி.மீ வேகத்தில் ஓடும். அடுத்து எஸ் அலை, இரண்டாம் நிலை அலை. வேகம் நொடிக்குச் சுமார் 3.5 கி.மீ. கடைசியாக, தரையின் மேற்பரப்பை ஒட்டி வரும் அலைகள்.

இப்போது ஒரே பஸ் ஸ்டாண்டில் இருந்து ஒரே நேரத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் பஸ்ஸும் ஒரு டவுன் பஸ்ஸும் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். பக்கத்து ஸ்டாப்பில் நிற்பவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். 50 கி.மீ தள்ளி நிற்பவருக்கு எக்ஸ்பிரஸ் போய் வெகுநேரம் கழித்துத்தான் டவுன் பஸ் வரும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்தே பஸ் ஸ்டாண்ட் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம்.

நிலநடுக்கத்திலும் இதே கணக்குதான். அருகில் நடக்கும் அதிர்வுகளில், பி அலைக்கும் எஸ் அலைக்கும் நடுவே ஒவ்வொரு நொடி இடைவெளிக்கும் சுமார் 8 கி.மீ தூரம். 30 நொடி இடைவெளி என்றால் ஏறக்குறைய 240 கி.மீ. வெகுதொலைவில் இருந்து வரும் அலைகள் பூமியின் ஆழத்தில் வேகமாகப் போவதால் அதற்குத் தனி அட்டவணைகள் இருக்கின்றன.

சரி, தூரம் கிடைத்துவிட்டது. திசை? 240 கி.மீ என்றால் வடக்கிலா, தெற்கிலா? நிலையத்தை நடுவில் வைத்து 240 கி.மீ ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்தில் எங்கு வேண்டுமானாலும் மையம் இருக்கலாம். இரண்டாவது நிலையமும் ஒரு வட்டம் போட்டால், இரண்டு புள்ளிகளில் வெட்டிக்கொள்ளும். மூன்றாவது வட்டம் அந்த இரண்டில் எது சரி என்று சொல்லிவிடும்.

அந்தப் புள்ளிதான் 'மேல்மையம்'. அதற்கு நேர் கீழே, பாறை உண்மையில் உடையத் தொடங்கிய இடம் 'குவியம்'. செய்தியில் வரும் ஆழம் என்பது இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம். ஆழம் காரணமாக மூன்று வட்டங்களும் கச்சிதமாக ஒரே புள்ளியில் சேராது. அதனால் நிலையங்கள் கூடக் கூட, ஆழமும் இடமும் துல்லியமாகும். இன்று இந்த வேலையைக் கணினிகள் செய்கின்றன. நூற்றுக்கணக்கான நிலையங்களின் நேரங்களுக்கு ஒத்துப்போகும் ஒரே இடத்தைத் தேடிப் பிடிக்கின்றன.

இதில் கடிகாரம் மிக முக்கியம். ஒரு நிலையத்தின் கடிகாரம் ஒரு நொடி பிசகினாலும், பி அலையின் கணக்கில் 6 கி.மீ பிசகிவிடும்.

கொடைக்கானல் வரை வந்த கருவி

மில்ன் தன் கருவியை எளிமையாக, அதிகச் செலவில்லாமல் வடிவமைத்தார். நீண்ட தண்டு ஒன்று கிடைமட்டமாக ஊசல்போல் நிற்கும். அதன் முனையில் உள்ள சின்ன இடுக்கு வழியே ஒளி, மெல்ல நகரும் புகைப்படத் தாளில் விழுந்து கோடு வரையும்.

பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் ஆதரவோடு, இந்தக் கருவியை நிறுவும்படி உலகெங்கும் உள்ள வானாய்வகங்களைக் கேட்டுக்கொண்டார்கள். வானாய்வகங்களைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. சரியான கடிகாரம் இருக்கும் இடம் அவைதான்.

இந்தியாவில் 1897 ஜூன் 12 அன்று ஷில்லாங் பீடபூமியை மையமாகக் கொண்டு மாபெரும் அசாம் நிலநடுக்கம் ஏற்பட்டிருந்தது. அதன் அலைகள் ஐரோப்பாவில் பதிவாகின. அவற்றை ஆராய்ந்த இந்திய புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ரிச்சர்ட் ஓல்டாம்தான், பி, எஸ், மேற்பரப்பு அலைகளைப் பதிவுகளில் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அந்தப் பேரிடருக்குப் பின், கல்கத்தாவின் அலிப்பூர், பம்பாயின் கொலாபா, கொடைக்கானல் ஆகிய இடங்களுக்கு மில்ன் கருவிகள் வந்தன.

நாடுகள் இதற்கு ஒத்துழைக்க இன்னொரு காரணமும் இருந்தது. 1888-ல் ஜாவாவையும் ஆஸ்திரேலியாவையும் இணைத்த கடலடித் தந்தி கேபிள்கள் ஒரே நேரத்தில் அறுந்தன. போர் வந்துவிட்டதோ என்று பயந்து ஆஸ்திரேலியாவில் படைகளையே திரட்டினார்கள். கடலுக்கு அடியில் அதிர்வு நடந்ததா இல்லையா என்று தெரிந்தால் இப்படிப்பட்ட பதற்றத்தைத் தவிர்க்கலாம் என்று மில்ன் எடுத்துச் சொன்னார்.

நிலையங்களில் இருந்து பதிவுகள் தபாலில் ஷைட் வந்து சேரும். மில்னும் ஹிரோட்டாவும் அவற்றை ஒப்பிட்டு, மையங்களைக் கணித்து, சுற்றறிக்கையாக அச்சிட்டு எல்லா நிலையங்களுக்கும் திருப்பி அனுப்புவார்கள். 1913-ல் சுமார் 40 நிலையங்கள் இந்த வலைப்பின்னலில் இருந்தன.

மில்னின் கருவிக்குக் குறைகள் உண்டு. தாள் மெதுவாக நகர்வதால் நொடிகளைப் பிரித்துப் பார்ப்பது கடினம். ஒருமுறை ஆடத் தொடங்கிய ஊசல், அலை நின்ற பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் இதைவிட நல்ல கருவிகள் அவர் காலத்திலேயே வந்துவிட்டன. ஆனால் உலகின் பல மூலைகளிலும் ஒரே மாதிரி கருவி, எல்லோருக்கும் பொதுவான பதிவு என்ற ஏற்பாடு மில்னுடையது.

மில்னுக்குப் பிறகு

1913 ஜூலை 31 அன்று, சிறுநீரக நோயால் மில்ன் காலமானார். வயது 62. முதல் உலகப்போருக்குப் பின் டோனே ஜப்பானுக்கே திரும்பிச் சென்றார்.

சுற்றறிக்கை வேலை நின்றுவிடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஹெர்பர்ட் டர்னர் அதைத் தொடர்ந்தார். பின்னாளில் அது சர்வதேச நில அதிர்வியல் மையமாக வளர்ந்து இன்றும் பிரிட்டனில் இயங்குகிறது. இந்தியாவில் நில அதிர்வுகளின் மையத்தைக் கணித்து அறிவிப்பது டெல்லியில் உள்ள தேசிய நில அதிர்வியல் மையம்.

மையம் தெரிந்தால் மட்டும் போதுமா?

2004 டிசம்பர் 26. இந்திய நேரப்படி காலை 6.28 மணி அளவில் சுமத்ரா அருகே கடலுக்கு அடியில் நிலநடுக்கம். ஹவாய் தீவில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம், சுமார் 15 நிமிடங்களில் இடத்தைக் கணித்துவிட்டது. அளவைத்தான் குறைத்துக் கணித்தது. சுமத்ராவில் தொடங்கிய உடைப்பு அந்தமான் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. மையம் என்பது உடைப்பு தொடங்கிய புள்ளி மட்டுமே. அது முடியும் இடம் வெகு தூரத்தில் இருக்கலாம்.

தமிழ்நாட்டுக் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. இரண்டு மணி நேரம்! ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அப்போது கிடையாது. கடற்கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8 ஆயிரம் பேரை இழந்தோம். அதில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டம்.

அதன் பிறகுதான் 2007-ல் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. இன்று இந்தியப் பெருங்கடலில் பெரிய நிலநடுக்கம் வந்தால், மையத்தைக் கணித்து, சுனாமி ஆபத்து உண்டா என்று சில நிமிடங்களில் அறிவிப்பது அந்த மையம்தான்.

நிலநடுக்கம் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல மில்னால் முடியவில்லை. இன்றும் யாராலும் முடியவில்லை. அப்படிச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்ப வேண்டாம். ஆனால் வந்துவிட்ட நிலநடுக்கம் எங்கே பிறந்தது என்று சொல்ல முடியும். அதற்குப் பல நாடுகளின் நிலையங்கள் தங்கள் பதிவுகளை மறைக்காமல், தாமதிக்காமல் பகிர வேண்டும். அந்தத் தகவல் கடைசி மீனவக் கிராமம் வரை போய்ச் சேரவும் வேண்டும். முதல் பாதியை மில்ன் தபாலில் தொடங்கி வைத்தார். இரண்டாவது பாதி எவ்வளவு முக்கியம் என்பது 2004-ல் நமக்குத் தெரிந்தது.